மூட்டு அறுவைக்கு முன்னால் பணம் கட்டிய கதை: புதுச்சேரித் தனியார் மருத்துவமனை ஒன்றின் பில்லிங் பிரிவு

கடந்த ஆனி மாதம் என் தாயாருக்கு இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. அறுவை நல்லபடியாக முடிந்து, அம்மா இப்போது மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை கைத்தடி இல்லாமல் நடந்துபோய் வருகிறார். ஆகவே மருத்துவத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாராட்டவும் எனக்கு அந்தப் படிப்பு இல்லை. நான் கடலூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். எனக்குப் படிக்கத் தெரிந்தது பில்தான். அறுவைக்கு நாள் குறித்ததிலிருந்து முன்பணத்தின் மிச்சம் திரும்பி வந்தது வரை அந்த மருத்துவமனை பண விஷயத்தில் எங்களை எப்படி நடத்தியது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நல்லதும் கெட்டதும் கலந்து சொல்லப்போவதால் பெயரை விட்டுவிட்டேன்.

தனியார் மருத்துவமனைக்கு ஏன் போனீர்கள், புதுச்சேரியிலேயே மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிப்மருக்கும் போனோம். அங்கே நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதைவிட அதிகமாக, காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். என் சம்பளம் அதைத் தாண்டிவிடுகிறது. வருமான வரம்பு இல்லாமல் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் 5 லட்சம் ரூபாய் வரை தரும் மத்திய அரசின் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது. அம்மாவுக்கு வயது 67. எதிலும் ஒரு முழம் குறைகிற குடும்பம் எங்களுடையது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த 5 லட்சம் ரூபாய்த் தனியார் பாலிசி ஒன்றுதான் கையில் இருந்தது. அதை ஏற்றுக்கொண்டு, காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் முறையில் சிகிச்சை தருவதாக இந்த மருத்துவமனை சொன்னதால் அங்கே போனோம்.

முதலில் எஸ்டிமேட். மருத்துவர் அறுவைதான் வழி என்று சொன்ன அன்றே கீழ்த்தளத்தில் பில்லிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் கணினியை ஒரு முறை பார்த்துவிட்டு, "ரெண்டு, ரெண்டேகால் ஆகும் சார்" என்றார். லட்சம் என்ற சொல்லைக்கூட அவர் உச்சரிக்கவில்லை. எழுதித் தரச் சொன்னேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அந்த இரண்டு எண்களையும் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். எங்கள் கடையில் வெல்ல மூட்டைக்குக்கூட இதைவிடத் தெளிவாகக் கொட்டேஷன் கொடுப்போம். இரண்டாவது முறை போனபோதும் கேட்டேன். மேலாளர் இல்லை என்றார்கள். மூன்றாவது முறைதான் மருத்துவமனை முத்திரையோடு ஒரு தாள் கிடைத்தது: அறை வாடகை, அறுவை அரங்கு, அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், செயற்கை மூட்டு, மருந்து, பிசியோதெரபி என்று தனித்தனி வரியாக, மொத்தம் 2,00,000 முதல் 2,25,000 ரூபாய் வரை. கேட்டபின் கொடுத்த அந்தத் தாள் நேர்மையான தாள்தான் என்பது கடைசியில் தெரிந்தது. இறுதி பில் அந்த வரம்புக்குள்தான் நின்றது. கட்டணத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, அதை வாங்க மூன்று முறை பஸ் ஏற வைத்ததுதான் எனக்குப் புரியவில்லை.

பதிவு அட்டையில் அம்மாவின் தலைப்பெழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஆதாரில் அப்பாவின் பெயரின் முதல் எழுத்து, பழைய ரேஷன் அட்டையில் தாத்தாவின் பெயரின் முதல் எழுத்து. நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள சங்கடம்தான் இது. பாலிசியில் உள்ளபடி திருத்த ஒரு காலைப்பொழுது போயிற்று. ஆனால் அறுவைக்கு முன் செய்த ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., எக்கோ ஆகியவற்றின் பில்களும் பழைய பெயரிலேயே இருந்தன. சேர்க்கைக்கு முந்தைய 30 நாள் செலவைப் பாலிசியில் பிறகு கேட்டு வாங்கலாம் என்பதால் 6,870 ரூபாய்க்கான அந்த பில்களையும் மாற்றி அச்சடித்துத் தரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தார்கள்.

இனி, இந்த மருத்துவமனையில் நான் மனமாரப் பாராட்டும் ஒரு விஷயம். காப்பீட்டுப் பிரிவில் ஒரு இளம்பெண் இருந்தார்; வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. அம்மாவுக்குத் தனி அறை வேண்டும் என்று என் தங்கை பிடிவாதமாக இருந்தாள். தனி அறைக்கு நாள் வாடகை 6,500 ரூபாய். இருவர் தங்கும் அறைக்கு 4,800. வித்தியாசம் 1,700 ரூபாய்தானே, நான்கு நாளைக்கு 6,800, அதைக் கையிலிருந்து கட்டிவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டிருந்தேன். அந்தப் பெண் எங்கள் பாலிசியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்க பாலிசில ரூம் வாடகை ஐயாயிரம்தான். இந்த ரூமுக்குப் போனீங்கன்னா வாடகையில மட்டும் கை வைக்க மாட்டாங்க, டாக்டர் ஃபீஸ்லயும் கை வைப்பாங்க" என்றார்.

முப்பது வருடம் கணக்கு எழுதியும் எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம் இது. காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்தான் நாள் வாடகை என்று வரம்பு உள்ள பாலிசிகளில், அந்த வரம்புக்கு மேலான அறையை எடுத்தால், வாடகையின் விகிதத்திலேயே மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம், செவிலியர் கட்டணம் போன்றவற்றையும் குறைத்துவிடுவார்கள். மருந்து, செயற்கை மூட்டு, பரிசோதனை ஆகியவற்றில் இப்படிக் குறைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இருப்பது ஓரளவு ஆறுதல். எங்கள் எஸ்டிமேட்டில் குறைக்கத்தக்க வரிகள் மட்டும் 90,000 ரூபாய் அளவுக்கு வந்தன. 6,500க்கு 5,000 என்ற விகிதத்தில் அதில் 20,770 ரூபாய் போய்விடும். நான்கு நாள் வாடகையில் 6,000 போகும். தீவிர சிகிச்சைப் பிரிவு அல்லாத அறையின் நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 2022 ஜூலை முதல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது 1,300. ஆக நான் 6,800 என்று நினைத்தது 28,000 ரூபாய்க்கு மேல் போய் நின்றிருக்கும். அந்தப் பெண் இதைச் சொல்லவேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால் மருத்துவமனைக்குத்தான் லாபம். இருவர் அறையையே எடுத்தோம். பக்கத்துக் கட்டிலில் பாகூரிலிருந்து வந்திருந்த அம்மாளும் என் அம்மாவும் இப்போது வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். தங்கைக்கும் கோபம் தணிந்துவிட்டது.

ஆனால் அதே காப்பீட்டுப் பிரிவில்தான் முன் அனுமதி ஒரு நாள் முழுக்கச் சிக்கிக்கொண்டது. கேஷ்லெஸ் கோரிக்கை வந்து ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்லவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கூறியிருக்கிறது. எங்கள் காப்பீட்டு நிறுவனம் நாற்பது நிமிடத்திலேயே பதில் அனுப்பிவிட்டது. அனுமதியாக அல்ல, கேள்வியாக. முழங்கால் நோய் பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்ததா என்பதே கேள்வி. காரணம் என்ன என்று விசாரித்தால், விண்ணப்பத்தில் "நோயின் காலம்" என்ற இடத்தில் பணி மருத்துவர் "6 ஆண்டுகள்" என்று எழுதியிருந்தார்; பாலிசி எடுத்தோ நான்கு ஆண்டுகள்தான். அவர் மீது தவறில்லை. அவர் கேட்டபோது அம்மா, "அஞ்சாறு வருஷமாவே இந்தக் கால் இப்படித்தான் தம்பி" என்று சொல்லியிருக்கிறார். நம் ஊரில் அஞ்சாறு வருஷம் என்றால் கொஞ்ச நாளாக என்று பொருள். படிவத்துக்கு அது தெரியாது. அம்மாவுக்கு மூட்டுத் தேய்வு என்று முதன்முதலில் தெரிந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான். அந்தப் புறநோயாளிச் சீட்டை அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் உள்ள தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். அதைப் படமெடுத்து அன்று மாலை ஐந்து மணிக்கே அனுப்பிவிட்டேன்.

நிறுவனத்தின் கேள்விக்கு மருத்துவமனை அனுப்பவேண்டிய விளக்கக் கடிதம் மறுநாள் காலை பதினொரு மணிக்குத்தான் போனது. மருத்துவர் கையெழுத்துப் போடவேண்டும், மருத்துவர் அறுவை அரங்கில் இருக்கிறார், பிறகு வார்டு சுற்றுகிறார், பிறகு வீட்டுக்குப் போய்விட்டார். கடிதம் போன ஐம்பதாவது நிமிடத்தில் 1,20,000 ரூபாய்க்கு முதல் அனுமதி வந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனங்களை எல்லோரும் திட்டுகிறோம், நானும் திட்டுகிறவன்தான். இந்த ஒரு சம்பவத்தில் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன், தாமதம் மருத்துவமனையுடையது.

செயற்கை மூட்டைப் பற்றி மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். சாதாரண வகையான கோபால்ட் குரோமியம் மூட்டு ஒன்று; பூச்சு ஏற்றிய விலை உயர்ந்த வகை ஒன்று. ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த சாதாரண மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 54,720 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது, ஜி.எஸ்.டி. தனி. மூட்டின் விலை, தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றை பில்லில் தனியாகக் காட்டவேண்டும் என்பதும் அந்த ஆணையில் உண்டு. அதைக் காட்டுவீர்களா என்று கேட்டதற்கு, கேஸ் ஷீட்டில் ஒட்டும் ஸ்டிக்கரின் நகலையே தருகிறோம் என்றார்கள், தரவும் செய்தார்கள். இந்த இடத்தில் அவர்கள் கணக்கு பளிங்கு போல இருந்தது. நாங்கள் சாதாரண வகையையே தேர்ந்தெடுத்தோம்.

அறுவைக்கு முந்தைய நாள் மாலை சேர்க்கை. முன்பணமாக 50,000 ரூபாய் கேட்டார்கள். முதல் அனுமதி 1,20,000தான் வந்திருக்கிறது, மீதம் டிஸ்சார்ஜ் சமயத்தில் வரும், அதுவரை பாதுகாப்புக்காக என்றார்கள். அது நியாயமாகப் பட்டதால் கட்டினேன். ரசீதில் தொகை இருந்தது. எப்போது, எந்த நிபந்தனையில் திருப்பித் தருவார்கள் என்ற ஒரு வரி இல்லை. அப்போது அது என் கண்ணில் படவில்லை. படித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன்தான் நான்.

அன்றிரவு எட்டு மணிக்கு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அம்மாவுக்கு இட்லி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் அறை வாசலுக்கு வந்து என்னைத் தனியே அழைத்தார். மயக்க மருந்து மருத்துவருக்கும் உதவி அறுவை மருத்துவருக்கும் சேர்த்து 15,000 ரூபாய், ரொக்கமாக, இப்போதே கொடுத்துவிட்டால் நல்லது என்றார். எஸ்டிமேட் தாளை எடுத்துக் காட்டி, மயக்க மருந்து மருத்துவருக்கு இதிலேயே ஒரு வரி இருக்கிறதே என்றேன். "அது வேற சார், இது வேற" என்றார். எது வேறு என்று அவரும் சொல்லவில்லை. விடிந்தால் ஏழு மணிக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள். மயக்கம் கொடுக்கப்போகிறவர் பெயரைச் சொல்லி ஒருவர் பணம் கேட்கும்போது பேரம் பேச யாருக்கு வாய் வரும்? சட்டைப் பையில் பணமும் இருந்தது. கொடுத்துவிடலாம் என்று கை போனது உண்மை. பழக்கதோஷத்தால், "ரசீது கொடுங்கள், கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். விசாரித்து வருகிறேன் என்று போனவர் அரை மணி கழித்து வந்து, பில்லிலேயே சேர்த்துவிடுகிறோம் என்றார். இறுதி பில்லில் அந்த இருவருக்குமாகச் சேர்த்து இருந்த தொகை 12,000 ரூபாய். அதையும் காப்பீடு முழுமையாக ஏற்றுக்கொண்டது. மறுநாள் அந்த மயக்க மருந்து மருத்துவரை நேரில் பார்த்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசியபடியே ஊசி போட்டார். அவருக்கு இந்தப் பேச்சு தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

கேஷ் கவுன்ட்டரில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், முந்திரி விற்ற பணம் 2,40,000 ரூபாயை மஞ்சள் பையில் கொண்டுவந்து மனைவியின் அறுவைக்குக் கட்ட வரிசையில் நின்றார். வாங்க மாட்டோம் என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று அவர் கேட்க, கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆங்கில அறிவிப்பைக் காட்டினார்கள். ஒரே நிகழ்வு தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2017 ஏப்ரல் முதல் உள்ள வருமான வரி விதி. மீறினால் வாங்கியவருக்குத்தான் அபராதம், ஆகவே கவுன்ட்டரில் மறுத்தது சரி. ஆனால் பெரியவர் முகத்தில் தெரிந்தது, தன் பணத்தைக் கள்ளப் பணம் என்கிறார்கள் என்ற அவமானம். தமிழில் இரண்டு வரி எழுதி ஒட்டவும், சேர்க்கைக்கு நாள் குறிக்கும்போதே வாய்மொழியாகச் சொல்லவும் என்ன செலவாகும்? நான் விளக்கிச் சொன்னபின் அவர் மருமகன் பையை எடுத்துக்கொண்டு வங்கிக்கு ஓடினார். மணி அப்போது மூன்றே கால்.

மருந்தகம் பற்றிச் சுருக்கமாக. அறுவை அரங்குக்கு வேண்டிய பொருட்களின் பட்டியலை நம் கையில் கொடுத்து அவர்களுடைய மருந்தகத்திலேயே வாங்கச் சொல்கிறார்கள். வெளியில் வாங்கியது ஏற்கப்படாது என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். மருந்தை எங்கே வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் மேலே சொன்ன சாசனத்தில் இருக்கிறது. பலகை வைத்தவர்கள் அதைப் படிக்கவில்லை போலும். எங்கள் பட்டியலில் கையுறை மட்டும் 22 ஜோடி. பயன்படாததைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டார்கள், 6 ஜோடி திரும்பி வந்து கணக்கில் கழிந்தது. கேட்காதவர்களுக்குக் கழிகிறதா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கு மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். இறுதி பில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது பிற்பகல் 2.20க்கு. மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தரவேண்டும் என்பது விதி, 4.05க்கே வந்துவிட்டது. காலையிலிருந்து நான்கு மணி நேரம் பில் மருந்தகத்துக்கும் வார்டுக்குமாக நடந்துகொண்டிருந்தது. அதை வேகப்படுத்த எந்த விதியும் இல்லை. மொத்தம் 2,18,740 ரூபாய். நிறுவனம் ஏற்றது 2,05,280. நாங்கள் கட்டவேண்டியது 13,460. கையுறை, முகக்கவசம், சேர்க்கைக் கட்டணம், உடனிருந்தவர் உணவு போன்று எந்தப் பாலிசியும் பொதுவாக ஏற்காதவை. ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தேன். ஒரு ரூபாய் பிழை இல்லை.

முன்பணத்தில் எங்களுக்கு வரவேண்டிய 36,540 ரூபாய்தான் கதையின் நீளமான பகுதி. ஏழு முதல் பத்து வேலை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள். பதினோராம் நாள் போன் செய்தேன். காப்பீட்டு நிறுவனம் பணம் அனுப்பியபின்தான் என்றார்கள். பதினைந்தாம் நாள் கேட்டபோது கணக்குப் பிரிவில் விசாரிக்கச் சொன்னார்கள். கணக்குப் பிரிவு எண் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினெட்டாம் நாள், எங்கள் கடை வசூலில் எழுதுகிற பாணியில், ரசீது எண், தேதி, தொகை, பாக்கி நாள் எல்லாம் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் பணம் வந்துவிட்டது. மருத்துவமனைக்கு நான் 50,000 ரூபாயைச் சேர்க்கைக்கு முன் ஒரு மணி நேரம் தாமதமாகக் கட்டியிருந்தால் அம்மாவுக்குக் கட்டில் கொடுத்திருப்பார்களா என்று அந்த மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி, பிறகு அழித்துவிட்டேன்.

மதிப்பெண் போடச் சொன்னால், எஸ்டிமேட்டின் நாணயத்துக்கும் காப்பீட்டுப் பிரிவுப் பெண்ணுக்கும் ஐந்துக்கு ஐந்து, மருந்தகத்துக்கு இரண்டு, முன்பணம் திருப்பித் தரும் முறைக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்ற மனிதருக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் வலது முழங்காலை மாசி மாதத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதே மருத்துவமனைக்குத்தான் போகப்போகிறோம், அதே இருவர் அறைக்கு. பாகூர் அம்மாளின் இன்னொரு காலுக்கும் அதே சமயத்தில்தான் நாள் சொல்லியிருக்கிறார்களாம். இருவரும் ஒரே அறை கேட்பதாக இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். நான் கேட்கப்போவது முன்பண ரசீதில் திருப்பித் தரும் தேதி.